48 குதிரைகளும் ஒரு சின்னக் கத்தியும்

உங்கள் வீட்டுக் கூடத்தில் பழைய ஊஞ்சல் பலகை ஏதாவது உண்டா? எங்கள் வீட்டில் இருக்கிறது. மாமியார் காலத்துச் சொத்து. பொங்கலுக்குப் பொங்கல் வெள்ளையடிக்க ஆள் வரும்போதெல்லாம், மிச்சம் இருக்கிற பெயிண்ட் முழுவதும் அந்தப் பலகையின் தலையில்தான் விடியும். ஒரு வருஷம் பச்சை, ஒரு வருஷம் காப்பிக்கொட்டை நிறம், ஒரு வருஷம் ஜன்னலுக்கு அடித்து மீந்த நீலம். சமீபத்தில் ஒரு மூலையில் பெயிண்ட் உரிந்து பொருக்குத் தட்டியிருந்தது. சும்மா இருக்க மாட்டாமல் காய்கறிக் கத்தியால் சுரண்டிப் பார்த்தேன். அடியில் அருமையான தேக்கு! ஓரத்தில் பித்தளைக் கம்பி பதித்த ஒரு பூங்கொடி! இத்தனை வருஷம் அதன் மேல் உட்கார்ந்து கொண்டுதான் வெற்றிலை போட்டோம், கீரை ஆய்ந்தோம், சண்டையும் போட்டோம். ஒருவருக்கும் தெரியாது.

ஆசையாகத்தான் ஆரம்பித்தேன். ஒரு சாண் சுரண்டுவதற்குள் கட்டை விரல் வீங்கிவிட்டது. மிச்சம் அப்படியே கிடக்கிறது.

ஒரு சாணோடு நிறுத்திக் கொள்ளாத ஓர் அம்மாளைப் பற்றித்தான் இந்த வாரம் உங்களுக்குச் சொல்லப் போகிறேன். அவர் சுரண்டியது ஊஞ்சல் பலகை அல்ல, ஒரு குடைராட்டினம். அதில் 48 மரக் குதிரைகள். ஒவ்வொன்றின் மேலும் 62 வருஷத்துப் பெயிண்ட்!

குடைராட்டினம் என்றால் நமக்குத் திருவிழாவும் பொரிகடலையும் நினைவுக்கு வரும். நாலைந்து மரக் குதிரைகள், ஒரு யானை, கையால் தள்ளிச் சுற்றிவிடும் ஒரு ஆள். மேல்நாட்டில் இதையே பிரமாண்டமாகச் செய்து 'காரோசெல்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். பெயரைக் கேட்டால் விளையாட்டாக இருக்கிறது. ஆனால் 'சின்ன யுத்தம்' என்ற பொருளுள்ள பழைய சொல்லிலிருந்து வந்ததாம் அது! அந்தக் காலத்துக் குதிரை வீரர்கள் ஓடும் குதிரை மேல் இருந்தபடியே, தொங்கும் வளையத்தை ஈட்டி முனையால் கொத்தி எடுக்க வேண்டும். 1662-ல் பிரான்ஸ் மன்னர் பதினாலாம் லூயி, தமக்கு இளவரசன் பிறந்ததைக் கொண்டாடப் பாரிஸில் இப்படி ஒரு பெரிய குதிரை விளையாட்டு நடத்தினார். அது நடந்த இடத்துக்கு இன்றைக்கும் காரூசெல் சதுக்கம் என்றே பெயர். இந்த வித்தையைப் பழகுவதற்கு நிஜக் குதிரையை ஓட வைத்துக் களைக்கச் செய்வானேன் என்று, சுழலும் சட்டத்தில் மரக் குதிரையைக் கட்டிப் பயிற்சி செய்தார்கள். பெரியவர்களின் யுத்தப் பயிற்சி கடைசியில் குழந்தைகள் கைக்கு வந்து சேர்ந்தது. அதுவரை க்ஷேமம்!

நம்முடைய கதை அமெரிக்காவில், ஒஹையோ மாகாணத்தில் உள்ள யங்ஸ்டவுன் என்ற ஊரில் தொடங்குகிறது. எஃகு ஆலைகளால் வாழ்ந்த ஊர் அது. அங்கே 1899-ல் டிராம் கம்பெனி ஒன்று, தண்டவாளம் முடிகிற இடத்தில் ஒரு பொழுதுபோக்குப் பூங்காவைத் திறந்தது. டிராம் கம்பெனிக்குப் பூங்கா எதற்கு என்று கேட்கிறீர்களா? வாரநாட்களில் வேலைக்குப் போகிறவர்களால் வண்டி நிரம்பி வழியும். ஞாயிற்றுக்கிழமையில் காலியாக ஓடும். கடைசி ஸ்டாப்பில் பாட்டும் கூத்தும் இருந்தால் குடும்பம் குடும்பமாக டிக்கெட் வாங்குவார்கள் அல்லவா? அமெரிக்காவில் பல ஊர்களில் இந்த யுக்தியைச் செய்தார்கள். யங்ஸ்டவுன் பூங்காவுக்கு ஐடோரா பார்க் என்று பெயர் நிலைத்தது.

அந்தப் பூங்காவுக்கு 1922-ல் ஒரு புதிய குடைராட்டினம் வந்தது. செய்தவர்கள் பிலடெல்பியா டொபாகன் கம்பெனியார். அவர்கள் தாங்கள் செய்த ஒவ்வொரு ராட்டினத்துக்கும் வரிசை எண் போடுவார்கள். இதன் எண் 61. 48 குதிரைகள், குதிரை ஏறத் தயங்கும் பாட்டிமார்களுக்காகச் சித்திர வேலை செய்த இரண்டு ரதங்கள்.

இதன் அமைப்பைக் கேட்டால் 'குடைராட்டினம்' என்ற நம் பெயர் எவ்வளவு பொருத்தம் என்று தெரியும். நடுவில் ஒரு பெரிய கம்பம். அதன் உச்சியிலிருந்து குடைக் கம்பிகளைப் போலச் சட்டங்கள் நாலா பக்கமும் விரிகின்றன. குதிரைகள் நிற்கும் மேடை தரையில் சக்கரம் வைத்து ஓடுவதில்லை; அந்தச் சட்டங்களிலிருந்து தொங்குகிறது! மேலே, வளைத்து வளைத்துச் செய்த இரும்புத் தண்டுகள் இருக்கின்றன. ராட்டினம் சுற்றும்போது பல்சக்கரங்கள் இந்தத் தண்டுகளைத் திருப்பும். தண்டில் மாட்டிய குதிரை மேலும் கீழுமாகத் துள்ளும். உள் வரிசைக் குதிரைகள்தான் துள்ளுகிறவை. வெளி வரிசையில் இருப்பவை பெரும்பாலும் அசையாமல் நிற்கும் ராஜகுதிரைகள். அலங்காரமெல்லாம் அவற்றுக்குத்தான்.

அதிலும் ஒரு வேடிக்கை. அமெரிக்க ராட்டினங்கள் கடிகார முள்ளுக்கு எதிர்த் திசையில் சுற்றும். ஆகவே குதிரையின் வலது பக்கம்தான் வெளியே நிற்பவர்களின் கண்ணில் படும். செதுக்குகிறவர்கள் ரோஜாப்பூ, குஞ்சலம், நகை, பறக்கும் பிடரி மயிர் எல்லாவற்றையும் அந்த வலது பக்கத்தில் கொட்டிவிட்டு, உள் பக்கத்தைச் சிக்கனமாக முடித்துவிடுவார்கள். வெளிப் பக்கத்துக்குத் தொழிலில் 'ரொமான்ஸ் பக்கம்' என்று பெயர்! கல்யாணப் பட்டுப் புடவையின் முந்தானைக்கு ஒரு ஜரிகை, உள்ளே சொருகும் முனைக்கு ஒரு ஜரிகை என்கிற கணக்குத்தான். (இங்கிலாந்தில் ராட்டினம் நேர்மாறாகச் சுற்றும், அங்கே சீர்வரிசையெல்லாம் இடது பக்கத்துக்கு.)

பாஸ் என்கிற மென்மையான மரத்தின் பலகைகளைப் பசை போட்டு ஒட்டி, உடம்பை உள்ளே பொள்ளலாகப் பெட்டி மாதிரி செய்வார்கள். பிறகு உளியால் செதுக்குவார்கள். பொருளாதார மந்தம் வந்து பூங்காக்களுக்குப் பணத்தட்டு ஏற்பட்டபோது இந்தத் தொழிலும் படுத்துவிட்டது. பிலடெல்பியா கம்பெனியே 1934-க்குப் பிறகு மர ராட்டினம் செய்யவில்லை. பின்னால் வந்தவை அலுமினியக் குதிரைகள், கண்ணாடி இழைக் குதிரைகள். அவை அச்சில் வார்த்தவை. ஒன்றின் முகம்தான் மற்றதற்கும்.

ஐடோரா பார்க்கில் 62 வருஷம் அந்த ராட்டினம் சுற்றியது. மூன்று தலைமுறைக் குழந்தைகள் ஏறினார்கள். அத்தனை கால்களும் உதைத்தால் பெயிண்ட் நிற்குமா? சீசன் முடிந்ததும் பழுது பார்த்து மேலே ஒரு கோட்டிங் அடிப்பார்கள். இதற்குப் 'பார்க் பெயிண்ட்' என்றே அங்கே பெயர் இருக்கிறது. எங்கள் ஊஞ்சல் பலகைக்கு நடந்த அதே உபசாரம்! மேலே மேலே அடித்ததில், செதுக்கிய ரோஜா இதழ்களின் இடுக்கெல்லாம் தூர்ந்து போயின. குதிரையின் கண் இமை தடித்துவிட்டது. ஆனாலும் அதன் பெருமை தெரிந்தவர்கள் இருந்தார்கள். 1975-ல் அமெரிக்க அரசாங்கத்தின் சரித்திரச் சின்னங்கள் பட்டியலில் அது சேர்க்கப்பட்டது. அந்தப் பட்டியலில் இடம் பெற்ற முதல் ராட்டினம் அதுதான்.

பட்டியலில் பெயர் இருந்து என்ன செய்ய? ஊரின் தலையெழுத்து வேறாக இருந்தது. 1977-ம் வருஷம் செப்டம்பர் 19-ம் தேதி, திங்கட்கிழமை. யங்ஸ்டவுனில் ஒரு பெரிய எஃகுக் கம்பெனி தன் ஆலையை மூடப் போவதாக அறிவித்தது. சுமார் 5,000 பேருக்கு வேலை போயிற்று. அந்த ஊரார் அந்த நாளைக் 'கறுப்புத் திங்கள்' என்று இன்றும் சொல்கிறார்கள். அடுத்தடுத்து மற்ற ஆலைகளும் மூடின. 1930-ல் 1,70,000 பேர் இருந்த ஊரில் 2020-ல் சுமார் 60,000 பேர்தான். சம்பளம் வராத வீட்டில் குழந்தையை ராட்டினத்துக்கு யார் அழைத்துப் போவார்கள்?

மிச்சமிருந்த உயிரைத் தீ வாங்கியது. 1984 ஏப்ரல் 26-ம் தேதி, சீசன் தொடங்குவதற்கு முன் பழுது பார்க்கும் வேலை நடந்து கொண்டிருந்தபோது வெல்டிங் பொறி பறந்து பூங்காவில் தீப்பிடித்தது. மலை ஏறி இறங்கும் மர ரயிலின் ஒரு பகுதியும், ஆபீஸ் கட்டடமும், விளையாட்டுக் கூடங்களும் எரிந்து சாம்பலாயின. ராட்டினம் தப்பியது. அந்தக் கோடை காலத்தோடு பூங்காவையே மூடிவிட்டார்கள். அக்டோபர் மாதம் எல்லாம் ஏலத்துக்கு வந்தன.

இங்கேதான், சகோதரிகளே, நமக்கும் பழக்கமான ஒரு விஷயம் வருகிறது. தாத்தா வீட்டை இடிக்கும்போது என்ன நடக்கிறது? தூணை ஒருவர் எடுத்துக் கொள்கிறார், கதவு நிலையை ஒருவர், அம்மியை ஒருவர். எல்லோரிடமும் ஞாபகார்த்தமாக ஒரு சாமான் இருக்கும், வீடுதான் இருக்காது. அமெரிக்காவில் ராட்டினங்களுக்கு நேர்ந்த கதியும் இதுதான். 1970-களிலிருந்து மரக் குதிரை சேகரிப்பது பணக்காரர்களுக்கு ஒரு மோகமாகிவிட்டது. முழு ராட்டினத்துக்குக் கிடைப்பதைவிடக் குதிரை குதிரையாகப் பிரித்து விற்றால் கூடுதலாகக் கிடைக்கும். பிரித்தார்கள். ஆயிரக்கணக்கில் இருந்த மர ராட்டினங்களில் இன்றைக்கு 200 கூட மிஞ்சவில்லை. மற்றவற்றின் குதிரைகள் யார் யார் வீட்டுக் கூடத்திலோ, பூந்தொட்டிக்குப் பக்கத்தில், சுற்றாமல் நிற்கின்றன.

எண் 61-க்கு அந்தக் கதி வராமல் தடுத்தவர்கள் நியூயார்க்கிலிருந்து வந்த ஒரு தம்பதி: டேவிட் வாலென்டாஸ், அவர் மனைவி ஜேன் வாலென்டாஸ். கணவர் கட்டடத் தொழிலில் பெரிய புள்ளி. புரூக்ளின் நதிக்கரையில், இரண்டு பெரிய பாலங்களுக்கு நடுவே, பாழடைந்து கிடந்த பழைய கிடங்குகளை வாங்கிப் போட்டிருந்தார். அந்தக் கரையில் ஒரு பூங்கா, பூங்காவில் ஒரு ராட்டினம் என்று அவர்கள் கனவு. ஏலத்தில் 48 குதிரைகளையும், ரதங்களையும், இயந்திரத்தையும் சேர்த்து ஒட்டுமொத்தமாக 3,85,000 டாலருக்கு எடுத்துவிட்டார்கள். அன்றைய கணக்குப்படி நம் பணத்தில் 40 லட்ச ரூபாய்க்கு மேல்!

அந்தப் பணம் கணவருடையது. இதற்குப் பிறகு வருவதுதான் என்னைக் கவர்ந்த பகுதி.

ஜேன் அம்மாள் ஓவியம் படித்தவர்; அழகுசாதனக் கம்பெனி ஒன்றில் கலை இயக்குநராக இருந்தவர். அவர் நினைத்திருந்தால் ரசாயனத் திராவகத்தை ஊற்றி ஒரே நாளில் பெயிண்ட் அனைத்தையும் வழித்தெடுத்திருக்கலாம். புது வர்ணம் அடித்து வேலையை முடித்திருக்கலாம். ஆனால் முதல் முதல், 1922-ல், அந்தக் குதிரைகள் என்ன நிறத்தில் இருந்தன என்று பிறகு யாருக்குத் தெரியும்? அதற்காக அவர் கையில் எடுத்தது, காகிதம் வெட்டுகிற சின்னக் கத்தி. பேனா பிடிக்கிற மாதிரிப் பிடித்துக் கொண்டு, ஒவ்வொரு படலமாகச் சுரண்டினார். அடி வர்ணம் தெரிந்ததும் நிறுத்தி, போட்டோ எடுத்து, அந்தச் சாயலை அப்படியே கலந்து பார்த்துக் குறித்து வைத்துக் கொண்டார். சேணத்தின் ஓரத்தில் மயிரிழை போன்ற கோடுகள், கடிவாளத்தில் நுணுக்கமான பூ வேலைகள் எல்லாம் ஒவ்வொன்றாகக் கண் விழித்தன.

அந்தப் பாழ்க் கிடங்குகளில் ஒன்றுதான் பட்டறை. உதவிக்கு ஆட்கள் வந்தார்கள். ஒடிந்த கால்களை ஒட்டினார்கள். மறுபடியும் மூல வர்ணத்தையே பூசினார்கள். தங்க ரேக்கு ஒட்ட வேண்டிய இடத்தில் தங்க ரேக்கு. கண்ணாடிகளைப் புதுப்பித்தார்கள், 1,200 விளக்குகள் பொருத்தினார்கள். வேலை எத்தனை நாள் பிடித்தது என்று நினைக்கிறீர்கள்? இருபது வருஷத்தை ஒட்டி! ஏலம் எடுத்தபோது மடியில் இருந்த குழந்தை கல்லூரியை முடித்திருக்கும். நானோ ஒரு சாணுக்குக் கட்டை விரலைப் பிடித்துக் கொண்டு உட்கார்ந்தவள்.

வேலை முடிந்ததும் சுற்றிவிட்டார்களா என்றால், அதுவும் இல்லை. குதிரைகள் தயார், பூங்கா தயாரில்லை. நதிக்கரையில் என்ன கட்டலாம், என்ன கட்டக் கூடாது என்று நகரத்தாருக்கும் டேவிட்டுக்கும் வருஷக்கணக்கில் இழுபறி. 2006 முதல் ராட்டினத்தைத் தெருவோரக் கட்டடம் ஒன்றில் காட்சிக்கு வைத்திருந்தார்கள். ஜனங்கள் வேடிக்கை பார்க்கலாம், ஏற முடியாது. இதைவிடக் குழந்தைகளுக்கு வேறு தண்டனை வேண்டுமா!

கடைசியில் 2011 செப்டம்பர் 16-ம் தேதி, ஏலம் எடுத்து 27 வருஷம் கழித்து, கிழக்கு நதியின் கரையில் அது மீண்டும் சுற்றியது. ஜான் நூவெல் என்ற பிரெஞ்சுக் கட்டடக் கலைஞர் அதற்கென்று கண்ணாடி போன்ற சுவர்களுடன் ஒரு மண்டபம் கட்டிக் கொடுத்தார். மழை, வெயில், பனி எதுவும் படாது. வெளியே இருந்து பார்த்தால் முழுவதும் தெரியும். ராட்டினத்தைத் தம்பதிகள் அந்தப் பூங்காவுக்கே தானமாகக் கொடுத்துவிட்டார்கள். ஆரம்பத்தில் டிக்கெட் 2 டாலர். பெயர்: ஜேன் காரோசெல்.

அடுத்த வருஷமே ஒரு சோதனை. 2012 அக்டோபர் 29-ம் தேதி இரவு 'சாண்டி' புயலில் நதி கரை மீறி வந்தது. அன்று யாரோ எடுத்த ஒரு படத்தை உலகம் பூராவும் பார்த்தது: சுற்றிலும் கறுப்பு வெள்ளம், நடுவில், எல்லா விளக்குகளும் எரிய, தண்ணீரில் மிதக்கும் பெட்டி மாதிரி அந்த மண்டபம், உள்ளே குதிரைகள். பார்த்த எனக்கே வயிற்றைப் பிசைந்தது. பெற்ற தாய் மாதிரி இருந்தவருக்கு எப்படி இருந்திருக்கும்! மின்சாரச் சாமான்கள் கெட்டுப்போயின, குதிரைகள் தப்பின. தீயிலிருந்து ஒரு முறை, தண்ணீரிலிருந்து ஒரு முறை. பழுது பார்த்து மறுபடியும் ஓட்டினார்கள்.

நல்லபடியாக முடிந்தது என்று நான் இங்கே நிறுத்தியிருப்பேன். ஆனால் யங்ஸ்டவுன்காரர்களை நினைத்தால் மனசு கேட்கவில்லை. அவர்கள் பக்கமிருந்து யோசியுங்கள். தாத்தா பாட்டியைப் பெண் பார்த்தது அந்த ராட்டினத்தடியில். அப்பா முதல் சம்பளத்தில் டிக்கெட் வாங்கிக் கொடுத்தது அங்கே. ஆலை போயிற்று, பூங்கா போயிற்று, குதிரைகளும் போயின. எரிந்தது போக எஞ்சியிருந்த மர ரயில் சட்டங்கள் 2001 வரை எலும்புக்கூடாக நின்றன. அந்த வருஷம் பூங்காவின் பழைய நடன மண்டபமும் தீக்கு இரையாயிற்று. அங்கே இன்று பார்க்க ஒன்றுமில்லை. ஆனால் அவர்கள் ஊர்க் குதிரைகள், வேறு ஊரில், வேறு ஒருவர் பெயரில், ஜகஜ்ஜோதியாகச் சுற்றுகின்றன. அடகு வைத்து மூழ்கிப்போன அட்டிகையை அடுத்த தெருக் கல்யாணத்தில் ஒருத்தி கழுத்தில் பார்க்கிற மாதிரி!

என் அபிப்பிராயம் என்ன என்று கேட்டால்: 48 வீட்டுக் கூடங்களில் ஒன்றொன்றாக நிற்பதைவிட, நானூறு மைல் தள்ளியாவது ஒன்றாகச் சுற்றுவது எவ்வளவோ மேல். இருபது வருஷம் சுரண்டியவர் தம் பெயரை வைத்துக் கொண்டதிலும் எனக்கு ஆட்சேபணை இல்லை. ஆனால் அந்தப் பெயர்ப் பலகையில் 'ஐடோரா' என்ற சொல்லையும் அதே அளவு எழுத்தில் சேர்த்திருக்கலாமே என்று தோன்றுகிறது. என் வீட்டுக்காரர் இதற்கு ஒப்பவில்லை. "ஊஞ்சல் பலகையில் தச்சன் பெயரா எழுதியிருக்கிறது?" என்கிறார். தச்சன் வேறு, ஊர் வேறு என்று அவருக்குப் புரிய வைக்க முடியவில்லை.

ஜேன் அம்மாள் 2020-ம் வருஷம் ஜூலை மாதம் காலமானார். வயது 76.

உங்களில் பலருக்குப் பிள்ளையோ பெண்ணோ நியூஜெர்சிப் பக்கம் இருப்பார்கள். பிரசவம் பார்க்கவோ பேரனைப் பார்த்துக்கொள்ளவோ போகிறவர்கள், சுதந்திர தேவி சிலையைப் பார்த்த மறுநாள் பாதாள ரயிலில் யார்க் தெரு ஸ்டேஷனில் இறங்குங்கள். அங்கிருந்து நதிப் பக்கம் கொஞ்ச தூரம்தான் நடை. என்றைக்கு விடுமுறை என்று மட்டும் முன்னதாக விசாரித்துக் கொள்ளுங்கள். பேரன் துள்ளுகிற குதிரைக்குத்தான் அடம் பிடிப்பான். அவனுக்கு உள் வரிசை. உங்களுக்குப் புடவையோடு உட்கார ரதம் இருக்கவே இருக்கிறது. ஏறுவதற்கு முன் வெளி வரிசைக் குதிரை ஒன்றின் வலது பக்கம் நின்று, அந்தச் சேணத்தின் ஓரத்தைக் கிட்டத்தில் பாருங்கள். மணி அடித்துவிடுவார்கள்; அதற்குள் பார்த்துவிட வேண்டும்.